நிற்கும் படகின் புகை

1

இந்தக் கதை ஒரு மழை மாலையில், ஜன்னலோரத்தில், எனக்குள் உதித்தது என்று தொடங்க ஆசைதான். உதிக்கவில்லை. மூன்று இணைப்புகளோடு மின்னஞ்சலில் வந்தது.

அனுப்பியவர் துறைமுகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. அங்கே ஓடும் பன்னிரண்டு பயணிகள் படகுகளும் டீசலை விட்டுவிட்டு எரிவாயுவுக்கு மாறப்போகின்றனவாம். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு கதை. 'எரிபொருள்களே பாத்திரங்களாக வந்து பேச, இறுதியில் எரிவாயு வெல்வதுபோல், நகைச்சுவை ததும்ப, இரண்டாயிரம் சொற்களுக்கு மிகாமல்' வேண்டும் என்று கேட்டிருந்தார். ததும்ப வேண்டும், ஆனால் மிகக் கூடாது. அளவு தெரிந்த மனிதர்.

ஒப்புக்கொண்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து பிழைக்கிறவனுக்கு ஒரு பெரிய மனிதர் 'உங்கள் எழுத்துக்கு நான் அடிமை' என்று எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. உருகிப்போனேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அதே துறைமுகத்தில் படகுகளின் புகையை அளக்கும் பொறியாளர் என் தங்கை. அது அந்த அதிகாரிக்குத் தெரியாது. அவள் அங்கே எதை எப்படி அளக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. ஆக, இரண்டு தரப்பும் சமமான அறியாமையோடு ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

2

முதல் தொடக்கம்:

'கடலன்னையின் மடியில் தவழும் கலங்கள் கரும்புகை கக்கிய காலம் கரைந்தொழிய, இதோ, பசுமையின் விடியல்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. 'விடியல்' வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் சுயமரியாதை உண்டு. இல்லாவிட்டாலும், இருப்பதாக வாசகர்கள் நம்புகிறார்கள்.]

இரண்டாவது தொடக்கம், நேர்காணல். நீளமான மேசைக்குப் பின்னால் தேர்வுக் குழு. எதிரே ஒரே ஒரு நாற்காலி.

முதலில் வந்தவர் கன எண்ணெய். பெரிய கப்பல்களில் வேலை பார்ப்பவர். தாரைப் போன்ற தேகம். நூறு டிகிரிக்கு மேல் சூடு காட்டினால்தான் இளகி நாற்காலிவரை வருவார். அனுபவம் நூறு ஆண்டுகள் என்றார். கந்தகம் எவ்வளவு என்று கேட்டதும் இருமல் வந்துவிட்டது. கூடவே ஓர் உதவியாளரையும் அழைத்து வந்திருந்தார்: புகையைக் கடல்நீரால் கழுவிவிடும் எந்திரம். கழுவிய தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று குழு கேட்டது. கடலில்தான் ஊற்றுவோம், கடல் பெரியது என்று உதவியாளர் பணிவோடு சொன்னார்.

அடுத்து டீசல். அதே குடும்பம்தான், ஆனால் குளித்துவிட்டு வந்தவர். கந்தகம் குறைவு, கரித்தூள் அப்படியே இருந்தது.

எரிவாயு வந்தபோது குழு எழுந்தே நின்றது. பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கினால்தான் தொட்டியில் அடங்குவார்; அப்படி ஒரு குளிர்ந்த சுபாவம். கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். கரி இல்லை. கரியமில வாயுகூட டீசலைவிடக் குறைவு. வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

மெத்தனால் அடக்கமான ஆள். ஆனால் டீசலுக்குத் தந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்டார். நீங்கள் எதிலிருந்து பிறந்தீர்கள் என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. நிலக்கரியிலிருந்தும் பிறக்கலாம், விவசாயக் கழிவிலிருந்தும் பிறக்கலாம்.*

அமோனியாவின் உடம்பில் கரி என்பதே கிடையாது. ஆனால் கசிந்தால் குழுவில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்பதால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பேசினார்கள். ஹைட்ரஜன் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கதவிடுக்கு வழியாகப் போய்விட்டார். மின்கலம் ஒன்றும் பேசவில்லை. உனக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது சுவரைக் காட்டியது.

எரிவாயு வென்றது. மாலை போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது சொற்கள்.

(* மனிதரிடம் கேட்கவே கூடாத கேள்வி, எரிபொருளிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. நம் ஆட்கள் பெரும்பாலும் மாற்றிக் கேட்பார்கள்.)

அன்று மாலையே அதிகாரி தொலைபேசியில் அழைத்து, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டதாகச் சொன்னார். பச்சை மையில் கையெழுத்து, பச்சைக் கழுத்துப்பட்டை, மேசையில் பிளாஸ்டிக் செடி. கதையின் வசதிக்காக அவரைப் பசுமையார் என்று அழைப்போம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

3

கதையைத் தங்கையிடம் காட்டினேன். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காசு அளவு வட்டத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். புகையை இழுத்துப் பிடிக்கும் வடிதாள்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு, மையிருட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். தட்டு வைக்க இடமில்லாமல் மாப்பிள்ளை நின்றுகொண்டே சாப்பிட்டார். பழகிப்போனவர்போலத்தான் தெரிந்தது.

படித்து முடித்தாள். சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் குழு எந்த அட்டவணையை வச்சு இன்டர்வியூ பண்ணுது?"

"எது கிடைச்சுதோ அது. அந்த அதிகாரி மெயிலோட அனுப்பினதுதான்."

"அது நான் போட்ட அட்டவணை. அதுல கடைசி வரியை வெட்டிட்டு உனக்கு அனுப்பியிருக்காரு."

வெட்டப்பட்ட வரி என்னவென்று கேட்டேன். மாப்பிள்ளை தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நீண்ட பதில் வரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

4

அவள் சொன்னதை என் மொழியில் தருகிறேன். வாசகர் பயப்பட வேண்டாம், கணக்கு அதிகமில்லை.

ஓர் எஞ்சினின் புகையை நான்கு நிலைகளில் அளப்பது வழக்கம்: முழு பலத்தில், முக்கால், அரை, கால். அட்டவணையில் நான்கு வரிகள். எல்லா எரிபொருளையும் இந்த நான்கு வரிகளில்தான் ஒப்பிடுகிறார்கள். நடுக்கடலில் நாள்கணக்கில் ஒரே சீராக ஓடும் கப்பலுக்கு இது போதும்.

பயணிகள் படகு அப்படி ஓடுவதில்லை. துறைக்கு வரும், ஆட்கள் இறங்குவார்கள், ஏறுவார்கள், அடுத்த துறைக்குப் போகும். அந்த இறங்கி ஏறும் நேரத்தில் இங்கே படகைக் கயிறு போட்டுக் கட்டுவதில்லை. கட்டி அவிழ்க்க நேரமாகும், அட்டவணை கெடும். அதற்குப் பதில் படகின் மூக்கைத் துறையில் முட்டி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, முட்டிய நிலையிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். நீங்களும் நானும் ஏறும்போது காலடியில் ஒரு நடுக்கம் தெரியுமே, அதுதான். ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு நிமிடம் படகு இப்படி நிற்கிறது. நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். எஞ்சின் அப்படி நினைக்கவில்லை.

அந்த மெல்லிய ஓட்டத்தில் எரிவாயு சரியாக எரிவதில்லை. எரியாத வாயு அப்படியே புகைபோக்கி வழியாக வெளியே போகிறது. கறுப்பாக இருக்காது, மணக்காது, துணிக்கொடியில் படியாது. ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு பூமியைச் சூடாக்கும். டீசலை விட்டதால் வந்த லாபத்தை, துறையில் முட்டி நிற்கும் அந்த இருபத்திரண்டு நிமிடம் தின்றுவிட்டு, மேற்கொண்டும் கேட்கிறது.

அதனால் என் தங்கை அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள்: 'துறையில் நிற்கும்போது.' சோதனைக்கென்று ஓடும் ஒரே எரிவாயுப் படகிலும், பழைய டீசல் படகுகளிலும், நாற்பது நாள் அளந்து எழுதினாள்.

எரிவாயு கெட்டது என்று அவள் சொல்லவில்லை. கரித்தூள் குறைவது நிஜம், துறையோரத் தெருவில் மூச்சுவிடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம் என்றாள். இப்படி நின்று நின்று போகும் படகுக்கு மின்கலம்தான் பொருத்தம், இல்லாவிட்டால் நிற்கும் முறையையாவது மாற்ற வேண்டும் என்பதே அவள் அறிக்கை.

ஆனால் எரிவாயுத் தொட்டிக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. எந்த எரிபொருள் என்று முடிவு செய்யும் துறைமுகக் குழுவுக்கு ஐந்தாவது வரி பிடிக்கவில்லை. விதிமுறையில் இல்லாத வரி என்றார்கள். நான்கு வரி அட்டவணையில் அவள் கையெழுத்து வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் படகுகளை எரிவாயுவுக்கு மாற்ற முடியாது. இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதும் அதே குழு.

இனி, இந்த ஐந்தாவது வரியை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை எழுதினேன்:

'ஒரு நாள் துறையில் நின்றுகொண்டிருந்த அவள் மனத்தில் ஐயம் மின்னலாய் வெட்டியது. எல்லோரும் ஓடும் படகை அளந்தபோது, அவள் மட்டும் நிற்கும் படகை அளக்கத் துணிந்தாள். அவள் கண்களில்

['தீ' வர வேண்டிய இடம். வராததற்குக் காரணம் ஆறாம் பகுதியில்.]

5

பசுமையாருக்கு உறவுமுறை தெரிந்துவிட்டது. அழைத்தார், போனேன்.

அவர் அறையில் ஜன்னல் உண்டு, திறக்காது. காற்றுத் தரம் பற்றிய விருதுகள் மூன்று சுவரில் தொங்கின. கதையைப் பற்றி இன்னொரு தரம் சிரித்தார். பிறகு தங்கையின் திறமையைப் புகழ்ந்தார். பிறகு அவளுடைய எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்பட்டார். இந்த வரிசையில் ஒருவர் பேசினால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஒரு தடித்த கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஆறு ஆண்டு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் நான்கே வரிகள். ஒவ்வொன்றின் கீழும் என் தங்கையின் கையெழுத்து. மஞ்சள் ஒட்டுத் தாளால் அடையாளம் வைத்திருந்தார்.

"ஆறு வருஷமா அஞ்சாவது வரி இல்லாமதான் சார் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்ப மட்டும் ஏன்னு குழுவில கேப்பாங்க. பாவம், அவங்க பேருதான் கெடும். நீங்க அண்ணன், கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. மலரில் என் புகைப்படம் முழுப் பக்கத்தில் வரும் என்றும் சொன்னார்.

நான் எடுத்துச் சொல்லவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக ஒன்று செய்தேன். வீட்டுக்கு வந்து, அந்த ஆறு ஆண்டை என் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே நீங்கள் படித்த மின்னல் வெட்டிய பத்தி அப்படிப் பிறந்ததுதான். என் தங்கை களங்கமில்லாத நாயகி ஆகிவிட்டாள். பசுமையாரின் கோப்பில் இருப்பது இந்தக் கதையில் இல்லையென்றால் வாசகருக்கு எப்படித் தெரியும்?

[இப்போது பாருங்கள்: அவர் ஒரு வரியை வெட்டினார், நான் ஆறு ஆண்டுகளை வெட்டினேன். எங்களில் யாருக்குப் பச்சைக் கழுத்துப்பட்டை பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.]

6

அந்தப் பத்தியைப் படித்தபோதுதான் அவள் முதல் முறையாகச் சிரித்தாள். நகைச்சுவை எழுத்தாளனுக்கு அதுபோன்ற சிரிப்பு ஆகாது.

"என்ன மின்னல்? எந்த மின்னல்? நான் மெஷினை அணைக்க மறந்துட்டேன். அவ்வளவுதான்."

நடந்தது இது. எஞ்சின் ஓட்டம் ஒரே நிலைக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்கிறது கையேடு. துறையில் முட்டி நிற்கும்போது அது ஒரு நிலைக்கு வராது, கூடும், குறையும். வடிதாளும் வீணாகும். ஆகவே படகு துறையைத் தொட்டதும் அளக்கிறவர்கள் கருவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். படகு கிளம்பியதும் மறுபடி போடுவார்கள். எல்லா அளவையாளர்களும் செய்வதுதான். என் தங்கையும் ஆறு ஆண்டுகளாக அணைத்தாள், தண்ணீர் குடித்தாள், போட்டாள். கிளம்பட்டும், பிறகு அளக்கலாம் என்று துறைக்குத் துறை காத்திருந்தாள்.

சோதனைப் படகின் தலைமை எஞ்சினியரை எல்லோரும் 'சீஃப்' என்பார்கள். பெரிய மீசை. ஒரு நாள் அவர் எஞ்சின் அறைப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவர் மகள் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, முடி திருத்தும் கடை வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு பெரிய மீசை அழுவதைப் பார்த்த பதற்றத்தில் என் தங்கை பொத்தானை மறந்தாள். மூன்று துறைகள் கடந்தன. கருவி தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. பிறகு கருவி எழுதிய தாளில், படகு நின்ற நேரங்களில் அளவு எகிறியிருந்ததைப் பார்த்தவள், கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாளாம். சீஃப் மூக்கைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம். நிக்கும்போது இது இப்படித்தான் விடும். எங்களுக்குத் தெரியுமே. நீங்கதான் ஒரு நாளும் கேக்கல."

இதை எழுது என்றாள் தங்கை. முடியாது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"அதை எழுதினா உன்னைத்தான் பிடிப்பாங்க. ஆறு வருஷம் தப்பா அளந்தவன்னு."

"தப்பாத்தானே அளந்தேன்? அணைக்கச் சொல்லி யாரும் என் கையைப் பிடிக்கல அண்ணா."

"லைசென்ஸே போயிடும்டீ. அப்புறம் எங்க போய் என்னத்த அளப்ப?"

"போகட்டும். அந்த ஆறு வருஷம் இப்ப அந்தாளு டிராயர்ல இருக்கு. அத நான் ஒளிச்சா, என்னைக்கும் அவர்கிட்ட நான் பயந்துதான் நிக்கணும். நானே எடுத்து மேசையில போட்டுட்டா? அப்புறம் அவர் எதைக் காட்டி என்னை மிரட்டுவாரு?"

பேனாவை மூடினேன்.

அவள் ஏற்கெனவே கடிதம் எழுதி வைத்திருந்தாள். ஆறு ஆண்டு அட்டவணைகளையும் திரும்பப் பெறும் கடிதம். எழுத்தாளன் என்பதால் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாள். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், படகு துறையில் நின்ற நேரங்களில் அளவைக் கருவியை நானே அணைத்து வைத்தேன்' என்று தொடங்கியது. அடுத்த வரியில் 'இதனால் இதுவரை நான் கையெழுத்திட்ட ஒப்பீடுகள் எவையும் முழுமையானவை அல்ல' என்றிருந்தது. உவமை இல்லை, விடியல் இல்லை, தீ இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் நான் இப்படி இரண்டு வாக்கியம் எழுதியதில்லை. பிழை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

7

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

முதல் முடிவு: குழு கடிதத்தைப் படிக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றுகிறார். 'இத்தகைய நேர்மையைத்தான் இந்தத் துறைமுகம்' [போதும். எந்தத் தலைவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்லது செய்து நான் பார்த்ததில்லை. துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார்.]

இரண்டாம் முடிவு: அவளை நீக்குகிறார்கள். கொட்டும் மழையில், ஒரு பெட்டியைச் சுமந்தபடி, திரும்பிப் பார்க்காமல் [அவளுடைய பொருள்கள் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். மழைக்காலம் முடிந்து இரண்டு மாதமாகிறது.]

மூன்றாம் முடிவு: கூட்டத்துக்குச் சீஃப் வருகிறார். துறையில் கயிறு போட்டுக் கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், பாதிப் புகை அங்கேயே நின்றுவிடும் என்கிறார். கயிற்றில் கந்தகம் இல்லை, கரி இல்லை, கசிவு இல்லை. நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். குழு திகைக்கிறது. மாற்று எரிபொருள் என்ற வகையில் கயிற்றை ஆராய ஏழு பேர் கொண்ட துணைக்குழு அமைகிறது. மூன்று வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய்க் கயிறு பார்த்து வருகிறார்கள். கயிறு எங்கே விளைகிறது என்பது தெளிவாகவில்லை என்று அறிக்கை தருகிறார்கள்.

இந்த மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது. சிரிப்பு வருகிறது. ஆகவேதான் இதையும் அடிக்கிறேன். நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள்.

8

நேர்காணல் கதைக்குப் பதிலாக, இதுவரை நீங்கள் படித்ததைப் பசுமையாருக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது. 'ஆழமான படைப்பு. எனினும் மலரின் தொனிக்கு ஒத்துவராது.' பாருங்கள், அதிலும் புகழ்ச்சி. என் முழுப்பக்கப் புகைப்படத்துக்குப் பதில் அங்கே ஒரு டால்பின் வருவதாகக் கேள்வி. அதனால்தான் இதை நீங்கள் வேறு இடத்தில் படிக்கிறீர்கள்.

அவள் கடிதத்தைப் பார்க்கக் குழு நாளைக் காலை பத்து மணிக்குக் கூடுகிறது. ஒரு நாள் பொறுத்திருந்தால் எனக்கு நிஜமான முடிவு கிடைத்துவிடும், கதையும் அழகாக முடிந்துவிடும். வேண்டாம். இன்றே முடித்து அனுப்புகிறேன். அவள் ஜெயித்தால், உலகம் இன்னும் கெட்டுவிடவில்லை என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். தோற்றால், உலகம் இப்படித்தான் என்று ஒரு பெருமூச்சோடு மூடுவீர்கள். எப்படியும் மூடிவிடுவீர்கள். அந்த வசதியை நான் செய்து தருவதாக இல்லை. இதை வெளியிட ஒப்புக்கொண்ட பத்திரிகையாசிரியரும் ஒரு முடிவு கேட்டார். அவருக்கும் இதையே சொன்னேன்.

இன்று மாலை தங்கையிடம், நாளைக்கு உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. அதுக்கு என்ன இப்ப?" என்றாள்.

ஒரே ஒரு தகவலோடு நிறுத்துகிறேன். அவளே போகிற போக்கில் சொன்னது. அந்தக் குழுவின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. விதி அப்படி. கூட்ட அறையின் பின்சுவரை ஒட்டிப் பொதுமக்களுக்கென்று பதினாறு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் ஓர் ஊழியர் வந்து பதினாறையும் துடைத்து வைக்கிறார். அவள் சேர்ந்த நாளிலிருந்து அவற்றில் ஒருவரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

நாளை ஒன்றில் நான் உட்காரப்போகிறேன். இந்தக் கதையில் நான் எழுதாமல் செய்யப்போகும் ஒரே காரியம் அதுதான்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த நாளை போய்விட்டிருக்கும் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். குழு மாதாமாதம் கூடுகிறது. உங்கள் ஊர்க் குழுவும் எங்கேயாவது கூடிக்கொண்டுதான் இருக்கும். முடிவு அங்கே இருக்கிறது, என்னிடம் இல்லை.

பதினைந்து நாற்காலி காலி.